சுருதிக்காரர் டயர் வாங்கிய கதை

சுருதிக்காரர் என்று சொன்னால்தான் அந்த நகரத்தில் அவரைத் தெரியும். வீடு வீடாகச் சென்று பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பது அவருடைய தொழில். இசைப் பள்ளி, நடனக்கூடம், மருத்துவமனையின் வரவேற்பறை, யாரும் வாசிக்காமல் துணி போர்த்திய பியானோ நிற்கும் செல்வர் வீட்டுக் கூடம் என எல்லா இடங்களிலும் ஆண்டுக்கு ஒரு முறையாவது அவருடைய தோல்பை வந்து இறங்கும். அந்தப் பைக்குள் ஒரு திருகுகோல், கம்பிகளை அடக்கிப் பிடிக்கும் கம்பளி ஆப்புகள், தட்டினால் ஒரே சுரத்தில் ஒலிக்கும் ஓர் இசைக்கவை ஆகியவை இருக்கும். மற்றபடி அவர் தொழிலில் போட்ட முதலெல்லாம் இரண்டு காதுகள்தாம்.

அந்தக் காதுகளின் புகழ் பெரிது. அடுத்த அறையில் ஓடும் குளிர்பெட்டி எந்தச் சுரத்தில் முனகுகிறது என்பதைக் காபியை ஆற்றிக்கொண்டே சொல்லிவிடுவார். ஆனால் வீட்டில் அந்தக் காதுகளுக்கு ஒரு சோதனை இருந்தது. அவருடைய மனைவிக்குப் பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலை. ஒரு பேருந்து நிறையப் பிள்ளைகள் போடும் கூச்சலைத் தாங்குவதற்காகவோ என்னவோ, அந்த அம்மாள் எப்போதும் பாடிக்கொண்டே இருப்பார். எந்தப் பாட்டாக இருந்தாலும், சுவரில் சற்றே சாய்ந்து தொங்கும் படத்தைப் போல, உரிய சுரத்துக்கு ஒரு மயிரிழை கீழே போய்த்தான் நிற்கும். முப்பது ஆண்டு இல்லறத்தில் சுருதிக்காரர் அதைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. குடும்பம் நடத்தக் காது மட்டும் போதாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

எல்லாவற்றிலும் அடக்கமான அந்த மனிதருக்கு ஒரே ஓர் ஆடம்பரம் உண்டு. தரையோடு தரையாகப் பதுங்கி நிற்கும் இரண்டு கதவுக் கார். தேவைக்கு மேல் ஒரு மடங்கு வலிமையுள்ள எஞ்சின். "பசுத்தோல் போர்த்தின புலியைக் கேள்விப்பட்டிருக்கோம். எங்க அத்தான் புலித்தோல் போர்த்தின பசு" என்பார் அவருடைய மைத்துனர். மனைவியின் தம்பியான அவர், நகரின் கோடியில் டயர்க் கடை வைத்திருந்தார். அந்தக் காரைச் சுருதிக்காரர் ஒரு நாளும் விரட்டியதில்லை. வளைவுகளில் அது சொன்ன சொல் கேட்டுத் திரும்புவதே அவருக்குப் போதுமான இன்பமாக இருந்தது.

அந்தக் கார் இன்னொரு வேலையும் செய்துவந்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

வீட்டிலிருந்து நகருக்குப் போகும் வழியில், வாய்க்கால் ஓரமாக, மடித்து வைத்த பட்டுத்துணி போல வழவழப்பான தார்ச்சாலை கொஞ்ச தூரம் வரும். அங்கே வேகத்தை அறுபதில் நிறுத்தினால் டயர்கள் பாடத் தொடங்கும். நீளமான, ஒரே சீரான ரீங்காரம். சுருதிக்காரரும் அதே சுரத்தை வாய்க்குள் இழுப்பார். தம் குரலைச் சற்றே விலக்கினால், இரண்டு ஒலிகளுக்கும் நடுவே ஒரு விம்மல் எழும். ஒலி பெருத்துச் சிறுத்துப் பெருத்துச் சிறுத்து ஊசலாடும். சுருதி சேர்ப்பவர்களுக்கு அந்த விம்மல்தான் வழிகாட்டி. அது காதில் விழுந்துவிட்டால், 'இன்றைக்கும் காது இருக்கிறது' என்று அவர் மூச்சு விடுவார்.

இந்தச் சோதனைக்குக் காரணம் அவருடைய அண்ணன். அண்ணனும் இதே தொழில் செய்தவர். ஐம்பதைத் தாண்டிய சில ஆண்டுகளில் அவருடைய செவி மங்கத் தொடங்கியது. பேச்சு நன்றாகக் கேட்டது. சில சுரங்கள் மட்டும், உச்சிக் கிளையிலிருந்து பறந்துபோகும் பறவைகளைப் போல, ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. அது தெரியாமலேயே அவர் பல மாதங்கள் வேலை செய்தார். மரியாதைக்குரிய மனிதர் என்பதால் வாடிக்கையாளர்களும் வாய் திறக்கவில்லை. அவர் போன பிறகு, காதும் காதும் வைத்தாற்போல் வேறொருவரை அழைத்துத் திருத்திக்கொண்டார்கள். அந்தச் செய்தி கடைசியில் அண்ணனுக்கு எட்டிய நாளன்று அவருடைய முகம் இருந்த நிலையைத் தம்பி மறக்கவே இல்லை. இப்போது தம்பிக்கும் அதே வயது. காது மருத்துவரிடம் போகலாம்தான். ஆனால் மருத்துவர் சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடுமே! டயர் சொன்னால் அவரோடு போகும்.

கோடையின் முதல் மழை அந்த ஏற்பாட்டைக் குலைத்தது.

கணவனும் மனைவியும் கடைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வட்டச் சந்திப்பில் அவர் பிரேக்கை மிதித்தார். குளியலறைத் தரையில் நழுவிய சோப்புக்கட்டி போல, கார் தன் போக்கில் வழுக்கிச் சென்று ஒரு வேலிப்புதருக்குள் மூக்கை நுழைத்து நின்றது. யாருக்கும் ஒன்றுமில்லை. மனைவி கொட்டும் மழையில் இறங்கி, முன் டயரின் பள்ளத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்துப் பார்த்தார்.

"நகம்கூட இறங்கல. என்னங்க, இது டயரா, இல்ல உங்க தலையா?"

"இன்னும் கொஞ்ச நாள் ஓடும்மா."

"ஓடும். நிக்கத்தான் நிக்காது."

சுருதிக்காரர் தம் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டார்.

"புது டயர் போடுற வரைக்கும் நான் இந்த வண்டியில ஏறப்போறதில்ல. எங்கயாவது போகணும்னா என் பஸ்ஸுக்கு வாங்க. கடைசி சீட்டு காலியாத்தான் இருக்கு. பக்கத்துல ஒண்ணாம் வகுப்புப் பையன், வாந்தி எடுப்பான், பரவாயில்லையா?"

அடுத்த விடுமுறை நாளிலேயே மைத்துனரின் கடைக்குப் போனார்கள், அவர் காரிலும் மனைவி நகரப் பேருந்திலுமாக. ரப்பர் வாசனையும் காற்றடிக்கும் இயந்திரத்தின் தடதடப்பும் நிறைந்த இடம் அது. மைத்துனர் தங்கமான மனிதர். ஒரே ஒரு குறை, யார் எதைக் கேட்டாலும் 'இல்லை' என்று சொல்ல அவருக்கு நா எழாது. அந்தச் சொல் அவருடைய தொண்டையிலேயே பிறந்து தொண்டையிலேயே மடிந்துவிடும்.

அவர் மூன்று டயர்களை உருட்டி வந்து வரிசையாக நிறுத்தினார்.

"அத்தான், இது வருஷம் பூரா ஓடுற ரகம். வெயில், மழை, பனி, எதுக்கும் கோவிச்சுக்காது."

"அதாவது எதுலயும் கெட்டிக்காரன் இல்ல" என்றார் மனைவி.

"அக்கா, வாங்க வந்தியா, வாதாட வந்தியா? சரி, இது ரெண்டாவது. கோடைக்குன்னே செஞ்சது. சூடான ரோட்டுல பசை மாதிரிப் பிடிக்கும். வளைவுல உடம்பை நெளிக்காது. ஆனா குளிர் வந்துட்டா ரப்பர் கல்லாயிடும், கழட்டிடணும்."

அது ஒரு குறையாக யாருக்கும் படவில்லை. குளிர்காலத்துக்கு என்று நான்கு டயர்கள் சுருதிக்காரருடைய கேரேஜின் சுவரில் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தன. பருவம் மாறும்போது மாற்றிக்கொள்வது அந்த வீட்டின் வழக்கம். ஆகவே முதல் டயர் வந்த வழியே உருண்டுபோயிற்று.

"மூணாவது?" என்று சுருதிக்காரர் ஆவலோடு கேட்டார்.

"இது பந்தயக்காரங்களோட ரகம் அத்தான். ரோட்டுலயும் ஓட்டலாம். இதுக்கு மேல பிடிமானம் வேணும்னா ஆணிதான் அடிக்கணும். ஆனா ஓடும்போது ஒரு சத்தம் வரும். தம்புரா மாதிரி, விடாம."

சுருதிக்காரருடைய கண்கள் விரிந்தன. அவர் குனிந்து, மூன்றாவது டயரை விரல் முட்டியால் தட்டி, அதன் பக்கத்தில் காதை வைத்தார். பிறகு இரண்டாவதையும் தட்டினார். மூலையில் சக்கரம் கழற்றிக்கொண்டிருந்த மெக்கானிக் வேலையை நிறுத்திவிட்டார்.

"முதலாளி, ஐயா டயர் வாங்க வந்தாரா, தர்பூசணி வாங்க வந்தாரா?"

கடையே சிரித்தது. சுருதிக்காரரும் சிரித்தார், ஆனால் கையை மூன்றாவது டயரின் மேலிருந்து எடுக்கவில்லை. 'இது பாடும்' என்று அவருடைய மனம் சொல்லிக்கொண்டே இருந்தது.

மனைவி அந்த டயரைச் சுற்றி ஒரு முறை நடந்து வந்தார். "தம்பி, தண்ணி எந்த வழியா வெளிய போகும்? காட்டு."

மைத்துனர் ஆழமில்லாத இரண்டு கீறல்களைக் காட்டினார்.

"இவ்வளவுதானா?"

"காஞ்ச ரோட்டுல இது ராஜா அக்கா. தேங்கின தண்ணியில…" மைத்துனர் தொண்டையைச் செருமினார். "தேங்கின தண்ணியில கொஞ்சம் யோசிக்கும்."

"அது யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள நாங்க வாய்க்காலுக்குள்ள இருப்போம்." பிறகு அவர் கணவரின் பக்கம் திரும்பினார். "ஏங்க, நீங்க ஓட்டப்போறது பந்தயத்துலயா, ரோட்டுலயா?"

"ரோட்டுலதான்."

"ரோட்டுல மழை உண்டு, குழி உண்டு, பந்து பின்னாடி ஓடி வர்ற குழந்தை உண்டு. ஒரு நாளைக்கு எத்தனை குழந்தைய நான் பாக்குறேன் தெரியுமா? வளைவுல பிடிக்கிறது உங்க சந்தோஷம், வேணாம்னு சொல்லல. மழையில நிக்கணும், அது என் நிபந்தனை. ரெண்டும் ரெண்டாவதுல இருக்கு."

சுருதிக்காரர் இரண்டாவதைத் திருப்பிப் பார்த்தார். இரண்டாவது டயரின் வெளிப்புறம் அகலமான ரப்பர்க் கட்டங்களாக இருந்தது, வளைவைத் தாங்குவதற்கு. உட்புறத்தில் நீர் வடிய ஆழமான கால்வாய்கள் ஓடின. எந்தப் பக்கம் வெளியே வரவேண்டும் என்பது டயரிலேயே பொறிக்கப்பட்டிருந்தது. எந்த வாரத்தில் வார்த்தது என்பதையும் மனைவி எண்ணைப் பார்த்து உறுதி செய்துகொண்டார். "ஒரு அளவு அகலமாப் போடலாமா?" என்று சுருதிக்காரர் மெல்ல இழுத்தபோது, "கார்க் கதவு இடுக்குல ஒட்டியிருக்கிற சீட்டுல என்ன அளவு போட்டிருக்கோ, அதுதான். செருப்பு அகலமா இருந்தா கால் வளந்துடுமா?" என்ற பதில் வந்தது.

மனைவி கை கழுவப் போன நேரத்தில், அவர் மைத்துனரைத் தூணுக்குப் பின்னால் இழுத்துச் சென்றார்.

"மச்சான், உண்மையச் சொல்லு. இந்த ரெண்டாவது… இதுவும் பாடுமா?"

மைத்துனர் அத்தானின் முகத்தைப் பார்த்தார். அதில் ஒரு குழந்தையின் ஏக்கம் இருந்தது. இல்லை என்று சொல்ல எப்படி மனம் வரும்?

"பாடாமலா அத்தான்? அறுபதைத் தொட்டா நல்லாவே பாடும்!"

மறுநாள் காலையில் வாய்க்கால் சாலை காய்ந்து, வெயிலில் மினுங்கிற்று. புது ரப்பரின் வழுவழுப்புப் போகும்வரை மெதுவாக ஓட்டுங்கள் என்று மைத்துனர் சொல்லி அனுப்பியிருந்தார். அதனால் சுருதிக்காரர் வீட்டிலிருந்து பூப்போல ஓட்டி வந்தார். நேரான சாலையில் வேகத்தை அறுபதுக்கு உயர்த்தி, வாய்க்குள் சுரத்தை எடுத்துக்கொண்டு காத்திருந்தார்.

ஒன்றும் கேட்கவில்லை.

கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார். காற்றின் ஓசை இருந்தது. எஞ்சினின் உறுமல் கீழே இருந்தது. ரீங்காரம் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும், பல் விழுந்த ஈறு போல, ஓர் ஓட்டை. பாடும் என்று டயர்க் கடைக்காரரே சொல்லியிருக்கிறார். டயர் பாடிக்கொண்டுதான் இருக்கிறது. கேட்கவேண்டிய காதுதான் போய்விட்டது! அண்ணனுக்கும் இப்படித்தானே தொடங்கியது? பேச்சு கேட்கும், காற்று கேட்கும், ஒரு சுரம் மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும்.

அன்று இசைப் பள்ளியில் உச்ச சுரங்களுக்கு வந்தபோது அவர் ஒவ்வொரு கட்டையையும் இரண்டு மூன்று முறை தட்டிக் கேட்டார். கேட்பது விம்மலா, தம் மனத்தின் படபடப்பா என்று தெரியவில்லை. சேர்த்ததைக் கலைத்து மீண்டும் சேர்த்தார். ஆசிரியை வாசித்துப் பார்த்துவிட்டு, "எப்பவும் போல அருமை ஐயா" என்றார். அண்ணனிடமும் இப்படித்தான் சொல்லியிருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டு அவர் பையை மூடினார்.

மாலையில் நகர இசையரங்கின் மேலாளர் தொலைபேசியில் அழைத்தார். வெளியூர்க் கலைஞர் ஒருவர் வாசிக்க வருகிறார். அரங்கின் பெரிய பியானோவைச் சீர்செய்ய வேண்டும். "வழக்கம்போல நீங்கதானே?"

"நாளைக்குச் சொல்றேன்" என்றார் சுருதிக்காரர். அந்தப் பியானோவுக்கு அவர் நாளைக்குச் சொல்கிறேன் என்று சொன்னது அதுவே முதல் முறை. என்ன சொல்வது என்பதை இரவெல்லாம் யோசித்து அவர் முடிவு செய்துவிட்டார். முடியாது என்பதுதான் பதில். தாம் அறியாமல் பிறர் திருத்தும்படி ஒரு வேலையை விட்டுவர அவருடைய மனம் ஒப்பவில்லை. இந்த வேலையை வேண்டாம் என்றால், அடுத்ததையும் வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருக்கும் என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது.

காலையில் சமையலறையில் மனைவி பாடிக்கொண்டிருந்தார். சுருதிக்காரர் மேசைக்கு முன்னால், தொலைபேசியைக் கையில் வைத்தபடி, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு சட்டென்று நின்றது.

"எழுந்திரிங்க. டயர் மாத்தியாச்சுல்ல? எனக்கு இன்னைக்கு வேலை இல்ல. ஒரு சுத்து கூட்டிட்டுப் போங்க."

"ஒரு போன் பேசணும்மா…"

"போன் எங்கயும் ஓடிடாது. வண்டிதான் ஓடணும், வாங்க."

வாய்க்கால் சாலைக்கு வந்தார்கள். பழக்கத்தால் வேகம் தானாக அறுபதுக்குப் போயிற்று. மனைவி இருக்கையில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"அப்பாடா! என்ன அமைதி! முன்னாடியெல்லாம் இந்த இடத்துல கத்தித்தான் பேசணும்."

சுருதிக்காரருடைய கை ஸ்டியரிங்கில் இறுகியது. "உனக்கு… உனக்கும் கேக்கலையா?"

"எது?"

"டயர் பாடுறது."

"டயர் பாடுமா? பழசு கோணல்மாணலாத் தேஞ்சு ஊளையிட்டுட்டு இருந்துச்சு. அதுவா பாட்டு? புதுசு சத்தமே போடாதே. அதனாலயும்தானே இதை எடுக்கச் சொன்னேன்!"

அவர் காரை ஓரமாக நிறுத்தினார். மெல்ல மெல்ல, திருகுகோலைப் பிடித்துக் கம்பியைத் தளர்த்துவது போல, எல்லாவற்றையும் சொன்னார்: அண்ணனுடைய காது, தினமும் செய்த சோதனை, மைத்துனரின் வாக்கு, மேலாளருக்குச் சொல்லவிருந்த பதில். மனைவி குறுக்கே பேசாமல் கேட்டார். அதுவே ஓர் அதிசயம்.

"ஊருக்கெல்லாம் சுருதி சேக்குறீங்க" என்றார் கடைசியில். "வீட்ல இருக்கிறவகிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? டயர்கிட்ட சொல்லியிருக்கீங்க!"

"உன் தம்பி பாடும்னு சொன்னானே…"

"அவன் எதைத்தான் இல்லைன்னு சொன்னான்? படகு கேட்டாலும் 'நாளைக்கு வந்துடும்'பான்!"

இருவரும் சிரித்துவிட்டார்கள். ஆனால் அவருடைய சிரிப்பு பாதியிலேயே நின்றது. "டயர் பாடலைங்கிறது சரிம்மா. என் காது நல்லா இருக்குன்னு அதுக்கு அர்த்தம் இல்லையே."

"சரி. அடுத்த வாரம் காது டாக்டர்கிட்டப் போறோம். நான் பக்கத்துல உக்காந்திருப்பேன். இப்ப வண்டிய எடுங்க, வெயில் ஏறுது."

அவர் தலையசைத்துவிட்டுக் காரைச் சாலைக்குக் கொண்டுவந்தார். கொஞ்ச தூரம் போனதும் அவருடைய புருவம் சுருங்கிற்று.

"டிக், டிக்னு ஏதோ கேக்குதே."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"வலது பக்கம். பின்னாடி. வேகம் கூடினா அதுவும் வேகமாகுது பாரு."

மனைவி கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார். பேருந்தின் எந்த மூலையில் எந்தத் திருகு கழன்றது என்று ஓசையிலேயே சொல்லக்கூடியவர் அவர். உதட்டைப் பிதுக்கினார்.

சுருதிக்காரர் மறுபடியும் காரை நிறுத்திவிட்டுப் பின்னால் போய் மண்டியிட்டார். வலப்புறப் பின் டயரில், நீர் வடியும் கால்வாய் ஒன்றில், பயற்றம் பருப்பைவிடச் சற்றே பெரிய கூழாங்கல் ஒன்று செருகிக்கொண்டிருந்தது. சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் அது ஒரு முறை சாலையைத் தட்டியிருக்கிறது. பழைய டயரின் ஊளையில் இப்படிப்பட்ட ஓசை என்றைக்காவது கேட்டிருக்குமா? சாவி முனையால் கல்லை நெம்பி எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அவர் அதை விரலால் உருட்டி உருட்டிப் பார்த்தார்.

"என்னங்க, வைரமா?" என்று மனைவி கேட்டார்.

சுருதிக்காரர் கல்லை அவரிடம் கொடுத்தார். மனைவி அதைப் பார்த்தார், டயரைப் பார்த்தார், கணவரின் காதைச் செல்லமாகப் பிடித்து ஒரு திருகு திருகினார்.

சாலையோரத்தில் நின்றபடியே சுருதிக்காரர் மேலாளரை அழைத்தார். "நான்தான் பேசறேன். வந்துடறேங்க. கூடத்துல காத்தாடியெல்லாம் நிறுத்தி வைக்கச் சொல்லுங்க, எனக்கு அமைதி வேணும்."

திரும்பும் வழியில் மனைவி மகிழ்ச்சியில் பாடத் தொடங்கினார். பாட்டு மேலேறி, எட்டவேண்டிய சுரத்துக்கு வழக்கம்போல ஒரு மயிரிழை கீழே போய் உட்கார்ந்தது. சுருதிக்காரருடைய இடது கண் தானாகச் சுருங்கி விரிந்தது.

"ஆங்! அதேதான்!" என்று மனைவி கை தட்டினார். "முப்பது வருஷமா நான் பாடும்போதெல்லாம் உங்களுக்கு அந்தக் கண்ணு துடிக்கும். இன்னைக்குக் காலையில துடிக்கல. அப்பதான் ஏதோ சரியில்லைன்னு தெரிஞ்சு உங்களை வெளிய இழுத்துட்டு வந்தேன்."

சுருதிக்காரர் திகைத்துப்போனார். "தெரிஞ்சேவா சுருதி இறக்கிப் பாடுற?"

"பின்ன? அந்தத் துடிப்பு நிக்காம இருக்கான்னு நானும் தினம் பாத்துக்க வேணாமா?"

கார் ஓசையில்லாமல் வளைவில் திரும்பியது. மனைவி அடுத்த அடியைப் பாடத் தொடங்கினார்.